திரைக்குப் பின்னால் – 14: விளம்பரத்துக்குத் துண்டு போடுங்கள்

ஈத்தன் மார்காட் 2010-இல் முன்வைத்த யோசனையைப் போன வாரம் பார்த்தோம். ஒரே பக்கம், திரையின் அகலத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். எழுத்து அதற்கு அடங்கியது, படமும் அடங்கியது. முரண்டு பிடித்தது விளம்பரம்தான்.

காரணம் தொழில்நுட்பம் இல்லை, வியாபாரம். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் வந்த நாளிலிருந்தே, இணைய விளம்பரம் அளவு சொல்லி விற்கப்படும் சரக்கு. ஆரம்ப காலப் பேனர்கள் 468-க்கு 60 பிக்சல். பின்னால் 728-க்கு 90, 300-க்கு 250, கைப்பேசிக்கு 320-க்கு 50 என்று அளவுகள் நிலைத்துவிட்டன. விளம்பரதாரர் அந்த அளவுக்கு டிசைன் செய்து தருவார், தளக்காரர் அந்த அளவுக்கு இடம் விடுவார். 728 பிக்சல் பட்டையை 360 பிக்சல் அகலக் கைப்பேசியில் சுருக்கிப் பாருங்கள். உயரம் 45-க்கும் கீழே போய்விடும், விலை போட்ட வரியைப் படிக்கவே முடியாது. சுருக்காமல் விட்டாலோ பக்கமே வலப்புறம் பிதுங்கும்.

ஆகவே வந்த விளம்பரத்தை நசுக்கிப் பயனில்லை, திரைக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்க வேண்டும். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2013-இல் இதற்கு வழி செய்தது. பக்கத்தில் நாம் ஒட்டும் கோட், தான் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அகலத்தை அளந்து, அதற்கு ஏற்ற விளம்பரத்தைக் கேட்கும். கூகுள் பப்ளிஷர் டேக் என்ற இன்னொரு கோட் வைத்திருக்கும் பெரிய தளங்கள், எந்த அகலத்துக்கு எந்த அளவு என்று தாங்களே பட்டியல் எழுதிக் கொடுக்கலாம்.

அந்த அளவெடுப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மூடியிருக்கும் மெனுவுக்குள்ளோ, மறைத்து வைத்த டேப்புக்குள்ளோ கோட் ஒட்டினால் பெட்டியின் அகலம் பூஜ்யம். விளம்பரம் வராது. பிரவுசரின் கன்சோலைத் திறந்தால், அகலம் பூஜ்யம், இடமில்லை என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி நிற்கும். விளம்பரம் வரவில்லையே என்று கணக்கு முடக்கம் வரை சந்தேகப்படுபவர்கள் முதலில் அங்கே எட்டிப் பார்க்கலாம்.

அகலம் தீர்ந்தது. உயரத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. செய்தியின் மூன்றாவது பத்தியில் இருக்கிறீர்கள். தாமதமாக வந்து சேர்ந்த விளம்பரம் ஒன்று மொத்த எழுத்தையும் கீழே தள்ளுகிறது. ‘மேலும் படிக்க’ என்பதைத் தொடப்போன விரல் சேலைக் கடையில் போய் விழுகிறது. கிளிக்குக்குக் காசு என்று தளக்காரர் சந்தோஷப்பட வேண்டாம். தவறிப் பட்ட கிளிக் என்று கூகுள் கண்டுபிடித்தால் கழித்துவிடும். பக்கத்தின் இந்தத் துள்ளலுக்கு, கூகுள் 2020-இல் அறிவித்த கோர் வெப் வைட்டல்ஸ் என்ற அளவுகோல்களில் தனி மதிப்பெண்ணே உண்டு. 0.1-க்குள் இருந்தால்தான் நல்ல பக்கம்.

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அதைத்தான் இங்கும் செய்ய வேண்டும். விளம்பரம் வருவதற்கு முன்பே அதன் பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரம் சொல்லிவிடுவது. சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரி: மின்-ஹைட், 250 பிக்சல். அகலத் திரைக்கு வேறு உயரம் வேண்டுமென்றால் ஒரு மீடியா குவெரி சேர்த்தால் போதும். விளம்பரம் வராவிட்டால் இடம் வெறுமையாகத் தெரியுமே என்று சிலர் இழுக்கிறார்கள். தெரியட்டுமே! காலியிடம் யார் விரலையும் தட்டிவிடுவதில்லை. காலிப் பெட்டியைக் கடைசி நேரத்தில் சுருட்டினால் அதுவும் ஒரு துள்ளல்தான்.

அதற்காகக் கைப்பேசியில் பத்திக்குப் பத்தி துண்டு போட்டுவிடக் கூடாது. கட்டுரைப் பகுதியின் உயரத்தில் விளம்பரங்கள் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது கோயலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ் அமைப்பு. அதன் விதிகளைத் தொடர்ந்து மீறும் தளங்களில் விளம்பரங்களை குரோம் பிரவுசரே தடுத்துவிடும். 2019 ஜூலையிலிருந்து இந்த ஏற்பாடு உலகம் முழுக்க அமலில் இருக்கிறது.

(தொடரும்)