இழை பார்த்து நெய்வார்கள்

ஆரணிப் பட்டு என்றதும் முகம் மலராத பெண்மணி உண்டா? அந்த ஊரில் நெசவாளர்கள் பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிவார்கள். “தறியில் ஏறுவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்” என்பது அவர்கள் வழக்கம். இதே முன்யோசனை இப்போது வைத்திய சாஸ்திரத்திலும் வந்திருக்கிறது!

தலசீமியா என்றொரு ரத்த நோய். இது கடுமையாக வந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். பெற்றோரைப் பார்த்தால் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். ஆனால் இருவரிடமும் பழுதான மரபணு ஒன்று ஒளிந்திருக்கும். இரண்டு பழுதும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால்தான் ஆபத்து. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. “முதல் குழந்தைக்கு வந்துவிட்டது; இனி வராது” என்ற ஆறுதலுக்கு இங்கே இடமில்லை.

நம் பக்கத்தில் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கிறோம் அல்லவா? ஒரே பாட்டியிடமிருந்து வந்த பழுது இரு பக்கமும் இறங்க அதனால் வாய்ப்பு அதிகம். அந்நியத்தில் மணந்தாலும் வரலாம்.

இத்தகைய தம்பதிகளுக்கு ஒரு வழி உண்டு. கருவைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கி, ஐந்தாறு நாளில் அதன் வெளிப்பகுதியிலிருந்து சில உயிரணுக்களை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். நெசவாளர் அறுந்த இழையை முடிகிறார். வைத்தியர் எதையும் முடிவதில்லை. நோயில்லாத கருவைத் தேர்ந்து தாயின் கர்ப்பப்பையில் வைக்கிறார், அவ்வளவே.

இம்முறையில் முதல் குழந்தைகள் 1990-ல் லண்டனில் பிறந்தன. நம் நாட்டிலும், அகமதாபாத்தில், தலசீமியா உள்ள சிறுவனின் பெற்றோர் இதை நாடினார்கள். 2018-ல் நோயில்லாத பெண் குழந்தை பிறந்தது. அண்ணனுக்குப் பொருந்தும்படி தேர்ந்த கரு அது. 2020-ல் அந்தத் தங்கையின் எலும்பு மஜ்ஜை அண்ணனுக்கு வைக்கப்பட்டது. ‘ஒரு குழந்தைக்காக இன்னொன்றா?’ என்று கேட்டவர்களும் உண்டு. அந்தத் தாயின் இடத்திலிருந்து யோசித்தால் பதில் எளிதல்ல.

செலவு லட்சக்கணக்கில் ஆகும். கரு தங்காமலும் போகலாம். தங்கினாலும் கர்ப்பத்தின்போது மறுபடி பரிசோதிக்கச் சொல்வார்கள். 2021-ம் ஆண்டுச் சட்டம் பரம்பரை நோயைக் கண்டறியவே இதை அனுமதிக்கிறது. “அப்படியே ஆணா பெண்ணா என்றும் பாருங்களேன்” என்று கேட்பது குற்றம்!

இவ்வளவு தூரம் எல்லோரும் போக வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்போ, கருத்தரிக்கும் முன்போ ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாலே தலசீமியாப் பழுது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை: இந்த நோயில் பாதி உங்கள் பிள்ளை கொடுத்தது. மருமகளைக் குறை சொல்லுமுன், அவனையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள்.