கடன் இருந்தால் வேலை போய்விடுமா? மறைத்தால்தான் பெரிய சிக்கல்!

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டினால் பெங்களூரு நெடுஞ்சாலை முழுக்க கம்பெனி பஸ்கள்தான். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஷிஃப்டுக்குப் போகும் பிள்ளைகளில் பலர் வெளியூர்க்காரர்கள். ரூம் அட்வான்ஸ், பைக் டியூ, வீட்டில் ஒரு மருத்துவச் செலவு என்று ஏதாவது ஒரு கடன் கூடவே வரும். போனில் நாலு தட்டு தட்டினால் லோன் ஆப்பில் பணம் வந்துவிடுகிறது. டியூ தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த நேரத்தில் யோசிப்பவர்கள் குறைவு.

வேலை பார்த்துக்கொண்டே அடுத்த படிக்குத் தயாராகிறவர்களும் இவர்களில் உண்டு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, கல்பாக்கம் அணுமின் நிலையம், மீனம்பாக்கம் விமான நிலையம், வங்கி என்று கனவுகள் பல. அங்கெல்லாம் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. 'இவரை நம்பி உள்ளே விடலாமா?' என்ற பின்னணிச் சரிபார்ப்பையும் தாண்ட வேண்டும்.

கடனை ஏன் பார்க்கிறார்கள்?

கழுத்தை நெரிக்கும் கடனில் இருப்பவரை விலைக்கு வாங்குவது சுலபம் என்ற பயம்தான் காரணம். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ-வின் அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் இதற்குப் பெரிய உதாரணம். கடன் நெருக்கடியில் இருந்த அவர், 1985-ல் சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்கத் தொடங்கினார். 1994-ல்தான் பிடிபட்டார். அவர் காட்டிக்கொடுத்தவர்களில் பலர் உயிரை இழந்தார்கள்.

அதே அமெரிக்காவில், பாதுகாப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவரின் கடனைப் பார்த்த உடனே கதவைச் சாத்திவிடுவதில்லை. வேலை இழப்பு, நோய், விவாகரத்து போன்ற காரணங்களால் கடன் வந்ததா, அதை அடைக்க ஒழுங்காக முயற்சி செய்கிறாரா என்றும் பார்க்கிறார்கள். ஆனால், படிவத்தில் வேண்டுமென்றே பொய் எழுதியது தெரிந்தால், அது தனிக் குறையாகச் சேர்ந்துகொள்ளும்.

நம் நாட்டிலும் விதி உண்டு. 1964-ம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 17-வது விதி, ஊழியர் ஓயாமல் கடனில் மூழ்காதபடி குடும்ப வரவு செலவை நடத்த வேண்டும் என்கிறது. கடனை வசூலிக்க வழக்கு வந்தால், ஊழியரே முழு விவரத்தையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கையில் வந்த வேலை போனது

2020-ல் பாரத ஸ்டேட் வங்கி அதிகாரி பணிக்கு விண்ணப்பித்துத் தேர்வான ஒருவருக்கு 2021-ல் பணி ஆணையும் வந்தது. ஆனால், சிபில் அறிக்கையில் பழைய கடன் தவணைகள் தவறியது தெரிந்ததும் ஆணை ரத்தானது. 'கடனையெல்லாம் அடைத்துவிட்டேனே' என்று அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025-ல் வந்த தீர்ப்பு வங்கிக்குச் சாதகமாகவே இருந்தது. தவணை தவறியவர்களுக்குத் தகுதி இல்லை என்று அறிவிப்பிலேயே இருந்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் பண ஒழுக்கம் அவசியம் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

பொய் சொன்னால்?

கடன் சில சமயம் வழக்காகவும் மாறும். கடனுக்குக் கொடுத்த செக் திரும்பினால், அது குற்ற வழக்கு. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. மத்திய அரசுப் பணியில் சேரும்போது நிரப்பும் படிவம், நீதிமன்றத்தில் வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று கேட்கிறது. தவறான தகவல் தந்தாலோ, உண்மையை மறைத்தாலோ அதுவே தகுதியிழப்பு என்ற எச்சரிக்கையும் அந்தப் படிவத்திலேயே இருக்கிறது.

இது பற்றி 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கை மறைத்திருந்தால், நிர்வாகம் விரும்பினால் மன்னிக்கலாம். பல வழக்குகள் நிலுவையில் இருப்பதை மறைத்தால் வேலை தப்புவது கஷ்டம். உண்மையைச் சொன்னாலும் வேலை உறுதி இல்லை. நிர்வாகம் பரிசீலித்தே முடிவெடுக்கும். ஆனால், பொய்க் குற்றச்சாட்டு சேராது.

தனியார் கம்பெனிகளிலும் இதே கதைதான். பழைய வேலையை மறைத்தோ, இல்லாத அனுபவத்தைச் சேர்த்தோ எழுதினால், பி.எஃப் கணக்கின் யு.ஏ.என் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் பதிவாகியிருக்கும்.

இப்போதே செய்ய வேண்டியவை

* சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்கிப் பாருங்கள்.

* அறிக்கையில் தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது.

* பாதித் தொகையோடு பேசி முடித்த கடன், அறிக்கையில் 'செட்டில்டு' என்றே நிற்கும். முடிந்தவரை முழுவதும் அடைத்து, 'க்ளோஸ்டு' என்று பதிவாக வையுங்கள். நிலுவை இல்லை என்ற சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

* நண்பனுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

* பணி அறிவிப்பில் கடன் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள்.

* படிவத்தில் கேட்டதற்கு உள்ளதை எழுதுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு புதிதாக வழக்கு வந்தால், அதையும் உடனே தெரிவியுங்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடன் வாங்கிய பிள்ளை திட்டுக்குப் பயந்துதான் முதலில் வீட்டில் மறைக்கிறது. வட்டி ஏறி, செக் திரும்பிய பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. முதல் டியூ தவறும்போதே வீட்டில் சொல்ல முடிந்தால், பிறகு எந்தப் படிவத்திலும் மறைக்க வேண்டிய அவசியம் வராது.