எழுபதைத் தாண்டாதே!

‘பொட்டி ஆடுது, உடனே வா!’

திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் ரைஸ் மில் முதலாளியிடமிருந்து போன். எங்கள் தொழிலில் ‘ஆடுது’ என்றால் கரகாட்டம் இல்லை. டெம்பரேச்சர் கன்ட்ரோலர் 70 டிகிரியில் நிற்காமல் 76க்கு ஏறி, 66க்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது என்று அர்த்தம். விழுப்புரத்தில் பஸ் பிடித்தேன். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி சுமார் 40 கிலோமீட்டர். பையில் ஸ்க்ரூ டிரைவர், மீட்டர், கூடவே ஒரு புது கன்ட்ரோலர். (வித்துடலாம் என்கிற நப்பாசைதான், வேறென்ன?)

போய் இறங்கினால் மில்லில் பஞ்சாயத்து. நடுவில் பாய்லர்காரர் கைகட்டி நிற்கிறார். வயசு அறுபது இருக்கும்.

‘‘மூணு தொட்டி நெல்லு வெடிச்சுப் போச்சு. இந்த ஆளு ராத்திரியில தூங்கறாரு. இன்னியோட கணக்கு முடிச்சு அனுப்பப் போறேன்’’ என்றார் முதலாளி.

‘‘நான் தூங்கலை தம்பி. பொட்டி 70னு காட்டறப்பவே குழாயைத் தொட்டா சூடு ஜாஸ்தியாத் தெரியுது. சொன்னா யார் கேக்கறாங்க?’’

நானும்தான் கேட்கவில்லை. நேரே பெட்டியிடம் போனேன்.

அதென்ன 70 என்கிறீர்களா? அந்தக் காலத்தில் புழுங்கலரிசிக்கு நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு, மூன்று நாள் ஊறப்போடுவார்கள். தெருமுனை வரை வாடை வீசும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்தான் வெந்நீர் முறையைக் கொண்டு வந்தது. சுமார் 70 டிகிரித் தண்ணீரில் மூணு, நாலு மணி நேரம் ஊறினால் போதும். சூடு குறைந்தால் சரியாக ஊறாது. வெந்த பிறகும் அரிசி நடுவில் வெள்ளைப்புள்ளி நிற்கும். கூடினால் நெல் தொட்டியிலேயே வேக ஆரம்பித்து, உமி பிளந்து, சத்து தண்ணீரோடு போகும். ஐந்தாறு டிகிரியில் லாபம் நஷ்டமாகிவிடும்.

இதைக் காவல் காப்பதுதான் சுவரில் மாட்டிய அந்தக் குட்டிப் பெட்டி. ‘பி.ஐ.டி.’ என்று மூன்றெழுத்துப் பட்டம் வேறு. நம்ம ஊர் பஸ் டிரைவரைப் பாருங்கள். ஸ்டாப் தூரத்தில் இருந்தால் மிதிப்பார், கிட்டே வர வரக் குறைப்பார். அது ‘பி’. நாலடி முன்னாலேயே நின்றுவிட்டால் இன்னும் கொஞ்சம் நகர்த்துவார். அது ‘ஐ’. வேகம் ஜாஸ்தி என்று தெரிந்தால் முன்கூட்டியே பிரேக்கில் கால் வைப்பார். அது ‘டி’. 1922ல் மினோர்ஸ்கி என்பவர் கப்பலில் சுக்கான் பிடிக்கிறவர்கள் எப்படித் திருப்புகிறார்கள் என்று கவனித்துத்தான் இந்தக் கணக்கை எழுதினார். ஆக, பெட்டிக்குள் இருப்பதே அனுபவசாலித் தொழிலாளியின் மூளைதான்! மூன்றுக்கும் எவ்வளவு எண் வைப்பது என்பதற்கு 1942ல் ஜீக்லர், நிக்கோல்ஸ் என்ற இரண்டு பேர் வழி சொன்னார்கள். இப்போது ‘ஆட்டோ ட்யூன்’ பட்டனை அமுக்கினால் பெட்டியே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அமுக்கினேன். ஆடியது. கையால் ‘பி’யைத் தளர்த்தினேன். ஆட்டம் நின்றது, ஆனால் தண்ணீர் சூடாக இரண்டு மணி நேரம். ‘‘இதுக்கு வெயில்லயே வச்சிருக்கலாமே!’’ என்றார் முதலாளி. பழைய எண்களையே திரும்ப வைத்தேன். மெல்லப் புதுப் பெட்டியை எடுத்தேன்.

பாய்லர்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு கண்ணாடி தெர்மாமீட்டரைக் கொண்டு வந்து தொட்டியில் விட்டார். பெட்டியில் 70. கண்ணாடியில் 76!

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் நிமிஷத்துக்கு 2 டிகிரி ஏறுகிறது. சென்சார் 3 நிமிஷம் தாமதமாகச் சேதி சொன்னால், பெட்டி 70 என்று நீராவியை நிறுத்தும்போது தண்ணீர் 76ல் இருக்கும். பெட்டியைக் குறை சொல்லி என்ன பயன்? நேற்றைய பேப்பர் படித்துவிட்டு இன்றைக்குத் தீர்ப்பு சொல்கிற கதை.

சென்சார் நுழையும் உலோகக் குழலைக் கழற்றினேன். வெளியே சுண்ணாம்பு மாதிரி உப்பு அப்பியிருந்தது. மரக்காணம் உப்பளம் இங்கேயே வந்துவிட்டதோ என்று தோன்றியது! உள்ளே பார்த்தேன். 9 அங்குலக் குழலில் 6 அங்குல சென்சார். மீதி மூணு அங்குலம் வெறும் காற்று.

அதைப் போட்டது யார்?

நான்தான். மூணு வருஷம் முன்னால், கடையில் சரியான அளவு கிடைக்காமல், ‘அடுத்த வாரம் மாத்தித் தர்றேன்’ என்று சொருகிவிட்டு வந்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. போன மாதம் நீராவிக் குழாயைப் பெரிசாக்கியதில் சூடு வேகமாக ஏற, குட்டு வெளிப்பட்டது.

சொல்லாமல் மாட்டிவிட்டு வந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த மனுஷர் வேலைதான் போகும். தொண்டை காய்ந்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

முதலாளி என்னையும் பாய்லர்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். ‘‘சென்சாரும் கூலியும் உன் செலவு’’ என்றார். பாய்லர்காரரிடம், ‘‘ராத்திரி ஷிப்டுக்கு வந்துடு’’ என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

எலுமிச்சை உப்புக் கரைசலில் குழலை ஊறவைத்துச் சுத்தம் செய்தேன். சரியான நீள சென்சார், முனை அடியைத் தொடுகிற மாதிரி. தொட்டியில் நெல்லும் தண்ணீரும் நிரப்பி ஆட்டோ ட்யூன். அதையும் 60ல் வைத்துச் செய்தேன். ஏனென்றால் அது கணக்குப் போடும்போது வைத்த அளவைத் தாண்டி இரண்டு மூன்று தடவை ஆட்டிப் பார்க்கும். கிடைத்த எண்களை மில் நோட்டில் எழுதினேன். பிறகு 70க்கு வைத்தோம். 71ஐத் தாண்டவில்லை.

இப்போது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போகிறேன். சென்சாரை ஐஸ் தண்ணீரில் வைத்தால் மீட்டர் 100 ஓம் காட்டணும், கொதிக்கிற தண்ணீரில் 138.5. மில் அதிர்வில் டெர்மினல் ஸ்க்ரூ தளரும், முடுக்கணும். எலி வயரைக் கடித்திருக்கும், பார்க்கணும். இதெல்லாம் பாய்லர்காரருக்கும் அத்துப்படி.

அன்றைக்கு பஸ் ஏறக் கிளம்பியபோது வாசல் டீக்கடையில் கூப்பிட்டார். இரண்டு டீ சொன்னார். குடித்து முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

‘‘காசு நீ குடுத்துடு தம்பி!’’