கணினி விடையைப் பார்க்கும், ஆசிரியர் வழியைப் பார்ப்பார்

மாணவர்களே, இணையத்தில் கணிதப் பயிற்சி செய்கிறீர்களா? சரியாகச் செய்தால் அடுத்த கேள்வி கடினமாகும்; தவறினால் எளிதாகும். இதுவே தகவமைப்புக் கற்றல் முறை. சிங்கப்பூரின் மாணவர் கற்றல் தளத்தில் தொடக்கநிலை 5 கணிதத்திற்கு இம்முறை 2023ஆம் ஆண்டு அறிமுகமானது.

–5 – (–8) என்ற கணக்கைப் பாருங்கள். விடை 3. இருவர் –13 என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு விதி தெரியாது. மற்றவருக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் –5 – 8 என்று படித்துவிட்டார். விடையை மட்டும் பார்க்கும் கணினிக்கு இருவரும் ஒன்றே. இருவருக்கும் ஒரே பயிற்சியைத்தான் கொடுக்கும்.

ஊகித்து விடையளித்தாலும் சிக்கல்தான். நான்கு தெரிவுகள் உள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்து, கணினி உங்களை அடுத்த நிலைக்கு ஏற்றிவிடும்.

ஆகவே, திரையில் பயிற்சி செய்தாலும் படிகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தெரியாததை ஊகிக்காதீர்கள். தவறிய கணக்கை மறுநாள் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். எந்தக் கணக்கில் தவறினீர்கள் என்பதைக் கணினி காட்டும். ஏன் தவறினீர்கள் என்பதை உங்கள் படிகளைப் பார்த்து ஆசிரியர் சொல்வார்.