‘ஸ்டேபிளா இருக்காரு’ன்னா வீட்டுக்கு வந்துடுவாரா?

வாழவந்தியிலிருந்து பேசறேன். ஏற்காட்டுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் ஏரியைப் பாத்துட்டுத் திரும்பிடுவாங்க, அதனால எங்க ஊர்ப் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, சில்வர் ஓக் மரம், வந்து வந்து போற கரண்ட். இதான் எங்க ஊரு.

போன வருஷம் எங்க பெரியப்பாவைச் சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். மூணாம் நாள் அண்ணன் போன் பண்ணான். “டாக்டர் பாத்தாரு, ஸ்டேபிளா இருக்காராம்.” ஸ்பீக்கர்ல கேட்டுட்டிருந்த அத்தை கையெடுத்துக் கும்பிட்டாங்க. “அப்பாடா! சாயங்கால பஸ்சுக்கே கூட்டிட்டு வந்துடு சாமி, ரசம் வச்சுடறேன்”னாங்க. அந்தப் பக்கம் அண்ணன் பேச்சே இல்ல. பெரியப்பா அப்போ ஐசியூவுல, மூக்குல ஆக்சிஜனோட இருந்தார்.

அத்தை மேல தப்பு சொல்ல மாட்டேன். அந்த வார்த்தை அப்படி. தமிழ்ல நாம நாலு விதமாப் பிரிச்சுச் சொல்ற விஷயத்தை அது ஒண்ணே சொமக்குது. இன்னிக்கு அதைத்தான் பிரிச்சுப் பாக்கப் போறோம்.

(திரையில்: நில் – நிலை – நிலையான)

‘நில்’லுங்கிற வினையிலிருந்து வந்தது ‘நிலை’. வீட்டுல கதவு மாட்டுற சட்டத்துக்கும் நிலைன்னுதான் பேரு. திருவிழாவுல நாலு வீதி சுத்தின தேர் கடைசியா எங்க வந்து சேருது? ‘தேர் நிலைக்கு வந்துடுச்சு’ங்கிறோம். ரெண்டுலயும் ஒண்ணைக் கவனிங்க. கதவு தெறக்குது, மூடுது. சட்டம் நகராம நிக்கறதாலதான் அது முடியுது. தேர் ஓடுது; திரும்பி வர ஒரு இடம் இருக்கு. ஆக, நிலைங்கிற சொல்லுக்குப் பக்கத்துலயே எப்பவும் ஒரு அசைவு இருந்துட்டேதான் இருக்கு. நிலையில்லாததுக்கும் நம்மகிட்ட சொல் உண்டு. திருக்குறள்ல 34-ஆவது அதிகாரத்தோட பேரே ‘நிலையாமை’.

சரி, ஒரு குடம் தண்ணி எடுத்து மூடி வைங்க. நாளைக்குத் தெறந்து பாத்தா மட்டம் மாறியிருக்காது. “தண்ணி அப்படியே இருக்கு”ம்போம். “சீரா இருக்கு”ன்னு யாராவது சொல்வோமா? மாட்டோம்.

இப்ப ஏற்காடு ஏரிக்கு வாங்க. மழைக்காலத்துல, ஏரி ரொம்பி வழியுறப்போ வந்து பாக்கணும். தண்ணி மட்டம் நேத்து எங்க இருந்துச்சோ இன்னிக்கும் அங்கேயேதான். ஆனா நேத்து நீங்க பாத்த தண்ணியில ஒரு பங்கு இன்னிக்கு அங்க இல்ல. வழிஞ்சு, கிளியூர் அருவியில விழுந்து, கீழ போயாச்சு. மேல இருந்து ஓடைத் தண்ணி வந்து அந்த எடத்தை ரொப்பிடுச்சு. வரவும் செலவும் சமமா இருக்கு, மட்டம் மாறல. இதுக்குத்தான் ‘சீரா’ங்கிற சொல்லு. குடம் சும்மா இருக்கு, ஏரி வேலை செஞ்சுட்டே அதே மட்டத்துல இருக்கு.

மனுஷ உடம்பு குடம் இல்லீங்க, ஏரி. மூச்சு உள்ள போகுது, வெளிய வருது. இதயம் அடிக்குது. வெயில்லயும் குளிர்லயும் உடம்புச் சூடு 37 டிகிரியை ஒட்டியே நிக்குது. டாக்டர் “சீரா இருக்கு”ன்னா ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, மூச்சு இதெல்லாம் ஒரு மட்டத்துல நிக்குது, ஏறி எறங்கலன்னு அர்த்தம். நோய் போயிடுச்சுன்னு அதுல எங்கயுமே இல்ல.

அந்த மட்டத்தை யார் பிடிச்சு நிறுத்தியிருக்காங்கங்கிறது அடுத்த கேள்வி. அத்தைக்கு நான் இதை ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னுதான் விளக்கினேன். எங்க ஊர்ல கரண்ட் 170-க்கும் எறங்கும், 250-க்கும் ஏறும். ஃபிரிட்ஜுக்குப் போறது மட்டும் ஏறக்குறைய 230 வோல்ட்டுதான். ஏன்? நடுவுல ஸ்டெபிலைசர் ஒக்காந்துட்டு ‘டக்கு டக்கு’ன்னு மாத்திட்டே இருக்கு. “ஃபிரிட்ஜ் நல்லாத்தானே ஓடுதுன்னு இந்தப் பெட்டியைக் கழட்டிடலாமா அத்தை?”ன்னேன். அவங்க கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பாத்துட்டு நின்னாங்க. “அப்போ எங்க அண்ணனுக்கு அந்த ஐசியூதான் பெட்டியா?”ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான், நான் மேல ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்கல.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு மொத்தமும் ஒருதடவை சேர்ந்து படிச்சிருக்கு. 2018 ஜூலை 28-ஆம் தேதி கலைஞர் கருணாநிதியைச் சென்னையில ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ஆகஸ்ட் 7 சாயங்காலம் மறைஞ்சார். அந்த நாள்கள்ல டீக்கடையில நின்னவங்களுக்குத் தெரியும், ‘சீராக உள்ளது’க்கும் ‘தேறி வருகிறார்’க்கும், ‘பின்னடைவு’க்கும் ‘கவலைக்கிடம்’க்கும் எவ்வளவு தூரம்னு.

செய்தியில வர்ற மத்த சொல்லெல்லாம் சட்டுனு பாத்துடலாம். ‘தங்கம் விலையில் மாற்றமில்லை.’ இது ஒருநாள் சங்கதி. சந்தைக்கு லீவான ஞாயித்துக்கிழமையும் மாற்றமில்லதான்; அதை வச்சு ‘விலை நிலையா இருக்கு’ன்னு எழுதினா தப்பு. நிலைன்னு சொல்ல நாள் ஆகணும். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 2023 பிப்ரவரியில 6.5 சதவீதம் ஆக்குச்சு, 2025 பிப்ரவரி வரைக்கும் கை வைக்கல. அங்க ‘ரெண்டு வருஷம் வட்டி நிலையா இருந்துச்சு’ன்னு தாராளமா எழுதலாம். ‘வறண்ட வானிலை நிலவும்’னு வானிலை அறிக்கையில வருமே, அது அழகான பிரயோகம், பரவி நிக்கும்னு ஒரே சொல்லுல வந்துடுது. ‘பொருளாதாரம் தேங்கி நிக்குது’ன்னா அது புகார், பாராட்டு இல்ல. அப்புறம் பேங்க்ல ‘நிரந்தர வைப்பு’ன்னு ஒண்ணு. ஒரு வருஷத்துலகூட முடிஞ்சுடுது, அவசரம்னா நடுவுலயே ஒடைச்சுக்கலாம். அது என்ன நிரந்தரமோ!

ஒரு சொல்லு பாக்கி. நம்ம தோட்டத்துக்கு வாங்க.

(திரையில்: காப்பிச் செடியின் மொட்டுகள், மார்ச் மாதம்)

இந்த மொட்டைப் பாருங்க. தை, மாசி வறட்சியில வாரக்கணக்கா இதே அளவுதான். வளரவும் இல்ல, உதிரவும் இல்ல. இதை ‘நிலையா இருக்கு’ன்னு சொல்ல மாட்டோம், ‘சீரா இருக்கு’ன்னும் சொல்ல மாட்டோம். “மொட்டு நின்னுட்டிருக்கு”ம்போம். ஒரு நல்ல மழைக்காகக் காத்துட்டிருக்கு. மழை விழுந்து எட்டு, பத்து நாள்ல தோட்டம் மொத்தமும் வெள்ளையாப் பூத்துடும், மல்லிகைப் பூ மாதிரி வாசம் வரும். வருஷம் பூரா ஒரே மாதிரி மழை பெஞ்சா காப்பி இப்படி ஒண்ணாப் பூக்காதுங்க. காஞ்சு, அப்புறம் நனையணும். காப்பிக்காரங்ககிட்ட வந்து மாறாத வானிலை வேணுமான்னு கேட்டுடாதீங்க.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது “ஸ்டேபிள்”னு சொன்னா, ரெண்டு கேள்வி கேளுங்க. “மருந்தும் மெஷினும் இருக்கறதால அப்படி இருக்காரா, தன்னால இருக்காரா? தேறிட்டு வர்றாரா, அதே மட்டத்துல நிக்கிறாரா?” டாக்டருங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

பெரியப்பா பதினாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். சேலத்திலிருந்து மேல வர்ற 20 கொண்டை ஊசி வளைவுலயும் அண்ணன் தோள்ல சாஞ்சுட்டுத்தான் வந்தார். அத்தை ரசம் வச்சிருந்தாங்க. உங்க ஊர்ப்பக்கம் ‘ஸ்டேபிள்’ங்கிறதுக்கு என்ன சொல்வீங்க? கீழ எழுதுங்க, வர்ற சொல்லுங்களை வச்சு இன்னொரு காணொளி போடறேன்.