அன்றாட சைக்கிள் பயணமும் பருவநிலை மாற்றமும்: புனேயின் கோர்படி சொல்லும் கணக்கு

புனே: ரயில் தண்டவாளங்களால் கூறுபோடப்பட்ட பகுதி, புனே நகரின் கிழக்கே உள்ள கோர்படி. சோலாப்பூர் திசைக்கும் மிரஜ் திசைக்கும் செல்லும் ரயில் பாதைகள் இங்குதான் பிரிகின்றன. டீசல் என்ஜின் பணிமனை, ராணுவக் குடியிருப்புகள், எம்பிரஸ் தோட்டம் ஆகியவற்றுக்கு இடையே குறுகலான தெருக்கள் ஓடுகின்றன. ராணுவம், ரயில்வே வேலைகளையொட்டிப் பல தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. ரயில்வே கேட் மூடப்பட்டால் இருபுறமும் ஸ்கூட்டர்களும் கார்களும் ஆட்டோக்களும் தேங்கி நிற்கும். பலர் என்ஜினை அணைப்பதில்லை. அந்த நெரிசலில் ஓரமாக ஒரு காலை ஊன்றி நிற்கும் சைக்கிள்காரர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது.

சைக்கிளையும் பருவநிலை மாற்றத்தையும் இணைத்துப் பேசும்போது, கார் வைத்திருப்பவர்களை வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிளில் வரச் சொல்வதுதான் வழக்கம். இந்திய நகரங்களைப் பொறுத்தவரை, அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இன்றும் சைக்கிளில் வேலைக்குச் செல்பவர்கள் அதை விட்டு விலகாமல் இருக்க நகரம் என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் உண்மையான கரியமில வாயுக் கணக்கு இருக்கிறது.

சைக்கிள் நகரம் என்ற பெயர்

புனே ஒரு காலத்தில் இந்தியாவின் சைக்கிள் நகரம் என்றே அழைக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம், அதனால் ஓரளவு மிதமான வானிலை, கல்லூரிகள், ராணுவ முகாம், ஆயுதத் தொழிற்சாலைகள், அதிகத் தொலைவில்லாத குடியிருப்புகள் என எல்லாமே சைக்கிளுக்குச் சாதகமாக இருந்தன. மாணவர், ஆசிரியர், தொழிலாளர், எழுத்தர் என அனைவரும் ஓட்டினர். கர்வே நகரில் இன்று ஒரு தனியார் சைக்கிள் அருங்காட்சியகமே இயங்குகிறது. நினைவாக வைத்துப் பார்க்கும் பொருளாக சைக்கிள் மாறிவிட்டது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் கிடைப்பது அரிது.

மாற்றத்துக்கான காரணமும் நகருக்கு அருகிலேயே இருந்தது. பஜாஜ் ஆட்டோ நிறுவனம் அகுர்டி ஆலையைத் தளமாகக் கொண்டு, 1972-ல் சேத்தக் ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. அந்த வண்டிக்காக மக்கள் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்தனர். திருமணச் சீர்வரிசையில் சைக்கிள் இருந்த இடத்தை ஸ்கூட்டர் பிடித்தது. வருமானம் உயர்ந்தது, நகரம் பரந்தது, வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான தொலைவு கூடியது. 2018-ல் புனேயில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை 36 லட்சத்தைத் தாண்டி, மக்கள்தொகையையே விஞ்சியதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் புள்ளிவிவரம் காட்டியது. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருசக்கர வாகனங்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோலின் கணக்கு

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. கோர்படியிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போய்வர நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 3,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டரில் அவர் செல்வதானால் சுமார் 67 லிட்டர் பெட்ரோல் செலவாகும். வெளியேறும் கரியமில வாயு ஏறத்தாழ 150 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் தனியாகச் சென்றால் 200 லிட்டரும் 460 கிலோவும் ஆகும்.

காருடன் ஒப்பிட்டால் ஸ்கூட்டரின் 150 கிலோ சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இந்தியரின் சராசரி கரியமில வாயு வெளியேற்றமே ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான். அதில் ஏறத்தாழ 7 சதவீதத்தை ஒரே ஒரு பழக்கம் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 6,600 ரூபாய்க்கு மேல் எரிபொருளுக்கே போய்விடுகிறது. தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முதலில் உறைக்கும்.

சைக்கிள் முற்றிலும் மாசற்றது என்று சொல்லிவிட முடியாது. அதைச் செய்யவும் இரும்பும் ரப்பரும் வேண்டும். எனினும் 20 கிலோ எடையுள்ள வண்டிக்கும் 100 கிலோவைத் தாண்டும் வண்டிக்கும் தேவைப்படும் மூலப்பொருள் ஒன்றாக இருக்க முடியாது. மின்சார ஸ்கூட்டர் பெட்ரோல் ஸ்கூட்டரைவிட நல்லது. ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால், அதன் புகை சாலையிலிருந்து அனல் மின் நிலையத்துக்கு ஓரளவு இடம் மாறுகிறது. நெரிசலையும் வாகன நிறுத்த இடத் தட்டுப்பாட்டையும் அது சிறிதும் குறைப்பதில்லை.

ஐரோப்பாவின் 7 நகரங்களில் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று, நாள்தோறும் ஒரு கார் பயணத்தையாவது சைக்கிளுக்கு மாற்றியவர்களின் போக்குவரத்து சார்ந்த வெளியேற்றம் ஆண்டுக்கு அரை டன் அளவுக்குக் குறைந்ததாகக் கணக்கிட்டது. இந்தியாவில் எரிசக்தி மற்றும் வளங்கள் நிறுவனமான டெரி 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, குறுந்தொலைவுப் பயணங்கள் சைக்கிளுக்கு மாறினால் எரிபொருள், உடல்நலம், காற்று மாசு, நேரம் ஆகியவற்றில் கிடைக்கும் பலன் ஆண்டுக்கு 1.8 லட்சம் கோடி ரூபாய். அதாவது அன்றைய மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.6 சதவீதம்.

இன்னும் ஓட்டுபவர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குச் செல்வோரில் சுமார் 13 சதவீதம் பேர், அதாவது இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர், சைக்கிளில் சென்றனர். கட்டுமானத் தொழிலாளர், காவலாளி, பால் பாக்கெட் போடுபவர், சிறு பட்டறை ஊழியர் போன்றோரே இதில் பெரும்பகுதி. பருவநிலை குறித்த கருத்தரங்குகளில் இவர்கள் பேசுவதில்லை. ஆனால் நாட்டின் வெளியேற்றக் கணக்கைத் தாழ்த்தி வைத்திருப்பவர்களில் இவர்களும் அடங்குவர்.

இவர்களில் ஒருவர் சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறும்போது ஆண்டுக்கு 150 கிலோ கூடுகிறது. கூடுதல் அத்துடன் நிற்பதில்லை. வண்டி வந்தபின் தொலைவான வேலையும் தொலைவான வீடும் சாத்தியமாகின்றன, பயணமும் நீள்கிறது. வசதி கூடியதால் ஒருவர் மாறினால் அது அவருடைய உரிமை. குறை சொல்ல எதுவும் இல்லை. உயிருக்கு அஞ்சி மாறினால் அது நகரத்தின் தோல்வி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர்; அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் 4,800-க்கும் மேற்பட்டோர். மாசை உண்டாக்காதவர்கள் பிறர் வாகனங்களில் அடிபட்டு இறக்கும் நிலையில், சைக்கிளுக்கு மாறுமாறு மக்களை அழைப்பதற்கு அரசுகளுக்குச் சற்றுத் தயக்கம் இருக்க வேண்டும்.

திட்டம் இருந்தது, தொடர்ச்சி இல்லை

புனேயில் முயற்சிகளுக்குக் குறைவில்லை. 2006-ல் காத்ரஜ் – சுவார்கேட் – ஹடப்சர் தடத்தில் தனிப் பேருந்துப் பாதை தொடங்கப்பட்டபோது பக்கவாட்டில் சைக்கிள் பாதைகளும் போடப்பட்டன. கோர்படிக்குத் தெற்கே பாத்திமா நகர் வழியாகச் செல்லும் சோலாப்பூர் சாலை இந்தத் தடத்தில்தான் வருகிறது. ஆனால் பாதை பல இடங்களில் பாதியில் முடிந்தது. மின்கம்பமும் நிறுத்தப்பட்ட வாகனங்களும் மீதியை அடைத்துக்கொண்டன. நூறு மீட்டர் பாதை, பிறகு நூறு மீட்டர் நெரிசல் என்று இருந்தால் யாரும் அதை நம்பி வண்டியை எடுக்கமாட்டார்கள்.

2017 டிசம்பரில் மாநகராட்சி விரிவான சைக்கிள் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதை வலையமைப்பு, 2031-க்குள் நகரப் பயணங்களில் 25 சதவீதம் சைக்கிளில் என்பவை அதன் இலக்குகள். அதே மாதத்தில் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழக வளாகத்தில் வாடகை சைக்கிள் சேவையும் தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் பல நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வண்டிகளைத் தெருவில் இறக்கின. கைப்பேசியில் பூட்டைத் திறந்து ஓட்டிச் சென்று, முடிந்த இடத்தில் விட்டுச் செல்லலாம்.

அந்த உற்சாகம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. பூட்டுகள் உடைக்கப்பட்டன, உதிரிபாகங்கள் திருடப்பட்டன, வண்டிகள் ஆற்றோரங்களிலும் நடைபாதைகளிலும் கிடந்தன. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. பொதுமக்களின் ஒழுக்கக் குறைவே காரணம் என்று அப்போது பரவலாகக் கூறப்பட்டது. அது பாதி உண்மை. ஓட்டுவதற்குப் பாதுகாப்பான சாலை இல்லாத ஊரில் வண்டிகளை மட்டும் குவித்ததே மூல காரணம். தண்ணீர்க் குழாய் போடாமல் வீட்டுக்கு வீடு குடம் கொடுத்ததற்கு இதை ஒப்பிடலாம். மறுபக்கம், மறுவடிவமைக்கப்பட்ட ஜங்லி மகாராஜ் சாலையில் அகன்ற நடைபாதையும் சைக்கிளுக்கான இடமும் அமைந்தன. ஆக, ஒரு சாலையைச் சரிசெய்ய முடியும் என்பது இந்த நகரத்துக்குத் தெரியும்.

வெயிலும் மழையும்

ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டும் ஊரில் சைக்கிள் சாத்தியமா என்ற கேள்வி நியாயமானது. ஸ்பெயினின் செவில்லே நகரம் இதற்கு நல்ல ஒப்பீடு. கோடையில் அங்கும் 40 டிகிரியைத் தாண்டும். 2006-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அந்நகரம், வாகனங்களிடமிருந்து தடுப்பு வைத்துப் பிரிக்கப்பட்ட சுமார் 80 கிலோமீட்டர் பாதையை ஒன்றோடொன்று இணையும் வகையில் வேகமாக அமைத்தது. சைக்கிள் பயணங்கள் பல மடங்கு பெருகின. நெதர்லாந்தும் பிறவியிலேயே சைக்கிள் நாடாக இருக்கவில்லை. 1970-களில் சாலைகளில் குழந்தைகள் இறந்ததை எதிர்த்துப் பெற்றோர் நடத்திய போராட்டமும், 1973-ன் எண்ணெய் நெருக்கடியும்தான் அங்கே திருப்பத்தை ஏற்படுத்தின.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் அருகில் ஓர் உதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். தண்ணீர் எடுக்க, கல்குவாரிக்குச் செல்ல, பிள்ளையைப் பள்ளியில் விட என்று அது அன்றாடக் கருவியானது. அன்று பருவநிலை மாற்றத்தைப் பற்றி அங்கு எவரும் பேசவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் ஆண்களைச் சார்ந்திருக்கும் நிலையும் குறைந்ததே போதுமான காரணமாக இருந்தது. அரசு மாணவிகளுக்கு வழங்கும் இலவச சைக்கிளும் இதே அடிப்படையில் படிப்பைத் தொடர உதவியது. பெண்கள் துணிந்து ஓட்டும் சாலையே பாதுகாப்பான சாலை என்பது போக்குவரத்துத் திட்டமிடுவோர் பலர் ஏற்கும் அளவுகோல்.

கோர்படியில் என்ன செய்யலாம்

கோர்படியிலிருந்து புனே ரயில் நிலையம், கேம்ப் கடைவீதி, கோரேகாவ் பார்க், பாத்திமா நகர் ஆகியவை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அமைகின்றன. நிதானமாக மிதித்தாலும் 25 நிமிடத்தில் சென்றுவிடலாம். நெரிசல் நேரத்தில் ஸ்கூட்டரும் அதைவிட வெகுவாக விரைந்துவிடாது. வனாஸ் – ராம்வாடி மெட்ரோ பாதை கோர்படியைத் தொடாமல் வடக்கே செல்வதால், வீட்டையும் மெட்ரோ நிலையத்தையும் இணைக்கும் வேலையையும் சைக்கிள் செய்யலாம். அதற்கு நிலையத்தில் நிழலும் பூட்டிவைக்கக் கம்பியும் உள்ள நிறுத்துமிடம் வேண்டும்.

பள்ளிகளைச் சுற்றி வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்துவது, குடியிருப்புத் தெருக்களைக் கனரக வாகனங்களின் குறுக்குவழியாக விடாமல் தடுப்பது, மரநிழல் உள்ள ராணுவப் பகுதிச் சாலைகளில் சைக்கிளுக்கு வழிவிடுவது குறித்துக் கண்டோன்மென்ட் நிர்வாகத்துடன் பேசுவது, பஞ்சர் கடைகளை ஆக்கிரமிப்பு என்று அகற்றாமல் இருப்பது ஆகியவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. குடியிருப்போர் சங்கங்கள் வார்டு அளவிலேயே இவற்றைக் கோரலாம்.

பெரிய செலவு மேம்பாலங்களில் இருக்கிறது. ரயில்வே கேட்டுகளுக்கு மாற்று வேண்டும் என்பது இப்பகுதியின் நெடுநாள் கோரிக்கை. பாலம் வரும்போது வாகனங்கள் நிற்காமல் செல்லும். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் லாரிகளுக்கு இடையே சைக்கிளை மிதித்து ஏறுவது கேட்டில் காத்திருப்பதைவிடக் கடினம். சாய்வு குறைந்த தனிப் பாதையோ, தண்டவாளத்துக்கு அடியில் சிறு சுரங்கப்பாதையோ வரைபடத்திலேயே இடம்பெற்றால்தான் பின்னர் கட்ட முடியும். மாநகராட்சியின் சைக்கிள் திட்டம் குறிப்பிடும் 2031-க்கு அதிக ஆண்டுகள் மீதமில்லை. வரும் நிதிநிலை அறிக்கைகளில் சாலை, பாலம் ஆகிய தலைப்புகளில் ஒதுக்கப்படும் தொகையில் சைக்கிளுக்கு எத்தனை ரூபாய், அதில் எவ்வளவு உண்மையில் செலவிடப்பட்டது என்ற இரண்டு எண்களை வார்டு உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுப் பெறுவது கோர்படிவாசிகளால் இப்போதே தொடங்கக்கூடிய வேலை.