பிறக்குமுன் கற்கும் பாடம்

தலைப்பிள்ளை பிறக்கவிருக்கும் வீட்டிலே ஆயத்தங்கள் பல நடைபெறும். பழைய வேட்டியும் சேலையும் தோய்த்து உலர்த்தப்படும். ஏணைக்குக் கயிறு தேடப்படும். பத்தியக் கறிக்குச் சரக்கு வறுத்து இடித்து வைக்கப்படும். இவை யாவும் வேண்டியனவே. ஆயினும், முன்கூட்டியே தேடி வைக்க வேண்டிய செல்வம் இன்னும் ஒன்றுண்டு. குழந்தை நலம் பற்றிய அறிவே அது. பிள்ளை பிறந்த பின்னர் அதனைத் தேடுதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகளுள் ஏறக்குறையச் சரிபாதியினர் பிறந்து 28 நாள்களுக்குள்ளேயே இறக்கின்றனர். அவர்களுள்ளும் பெரும்பாலோர் முதல் வாரத்திலே மறைகின்றனர். பச்சிளங்குழந்தையின் நோய் ஆரவாரமின்றி வருவது இதற்கு ஒரு காரணமாகும். வளர்ந்த பிள்ளை வலிக்கும் இடத்தைக் காட்டும். சிசுவோ பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு சோர்ந்து கிடக்கும். "பிள்ளை அழாமல் நன்றாக உறங்குகின்றது" என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையிலே நோய் முற்றிவிடக்கூடும்.

இவ்வறிவு உயிர்காக்கும் என்பதற்கு இலங்கையே சான்று. மலேரியா கொள்ளைநோயாகப் பரவிய 1935ஆம் ஆண்டிலே, பிறந்த 1000 சிசுக்களுள் 263 பேர் முதலாண்டு நிறைவதற்குள் இறந்தனர். 1946இல் அத்தொகை 141 ஆயிற்று. இன்று அது பத்துக்கும் குறைவு. மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், பெண் கல்வி ஆகிய பல காரணங்கள் இதற்கு உண்டு. அவற்றோடு, 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் தொடங்கப்பெற்ற சுகாதாரப் பிரிவு முறையும், அதன்வழி வீடுதோறும் சென்று கற்பித்த மருத்துவமாதரின் தொண்டும் சேர்ந்தன.

ஏற்புவலியின் கதையை நோக்குக. அந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உறைவது. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்தபோதும், புண்ணிலே சாம்பலோ சாணமோ பூசியபோதும் அது சிசுவின் உடலிற் புகுந்தது. கருவுற்ற தாய்க்கு ஏற்றும் தடுப்பூசியும், தூய்மையான பிரசவமும், கொடியில் எதனையும் பூசலாகாது என்னும் போதனையும் சேர்ந்து அதனை வென்றன. பிறந்த சிசுக்களைத் தாக்கும் ஏற்புவலி இலங்கையில் ஒழிக்கப்பட்டதென 2016இல் உறுதிசெய்யப்பட்டது. தொப்புளை உலர்ந்ததாகவும் தூயதாகவும் வைத்திருத்தலே இன்றும் விதி.

பெற்றோர் அறியவேண்டியவற்றுள் முதலாவது வெப்பம். எடைக்கு ஒப்பிடுமிடத்துச் சிசுவின் தோற்பரப்பு பெரிது. ஆதலால் அதன் உடல் விரைவிலே குளிர்ந்துவிடும். பிறந்தவுடன் ஈரம் துடைத்துத் தாயின் மார்போடு சேர்த்து அணைத்தலே சிறந்த கணப்பு. முதற்குளிப்பாட்டலை ஒரு நாள் கழித்துச் செய்தல் நன்று.

அடுத்தது பால். பிறந்து ஒரு மணி நேரத்துள் தாய்ப்பால் ஊட்டுதல் வேண்டும். மஞ்சள் நிறமான சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுதல், கையில் வந்த முதல் தடுப்புமருந்தை எறிவதற்கு ஒப்பாகும். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே போதும். வெயிற்காலத்திலும் தண்ணீர் வேண்டியதில்லை. நாவிலே தேன் தொட்டு வைக்கும் வழக்கம் அன்பினால் எழுந்ததே. எனினும், தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து சிசுவின் குடலிலே முளைத்து நஞ்சை உண்டாக்கவல்லது. ஆதலால் ஒரு வயதுவரை தேன் ஆகாது.

மூன்றாவது உறக்கம். சிசுவை எப்பொழுதும் மல்லாக்கக் கிடத்துதல் வேண்டும். குப்புறக் கிடத்துவது உறக்கத்திலே நேரும் திடீர் மரணத்துக்கு ஏதுவாகலாம். படுக்கை உறுதியாயும் தலையணையின்றியும் இருத்தல் நலம். ஏணையிலே இட்டால் நாடி நெஞ்சோடு மடிந்து மூச்சை நெருக்காதவாறு கவனித்தல் வேண்டும். அறையிலே புகையிலைப் புகை சேரலாகாது.

இவற்றோடு ஆபத்தின் அறிகுறிகளையும் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் வேண்டும். பால் குடியாமை, எழுப்பியும் விழியாத சோர்வு, வலிப்பு, உடல் சுடுதல் அல்லது குளிர்தல், மூச்சு விடுகையில் நெஞ்சு உட்குழிதல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, முதல் நாளிலேயே தோன்றும் மஞ்சள் நிறம், உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவிய மஞ்சள் நிறம் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கைவைத்தியம் செய்து பார்ப்பதிலே கழியும் பொழுது மீளாது.

இப்பாடம் தாய்க்கு மட்டும் உரியதன்று. பிரசவித்துக் களைத்திருக்கும் தாய் நள்ளிரவிலே தனித்து முடிவெடுத்தல் அரிது. கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணத் தந்தையும் பழகிக்கொள்ளலாம். இரவில் வாகனம் யாரிடம் உண்டு என்பதையும், 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்பதையும் அவர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஆதலால், கர்ப்பிணிகளுக்கான வகுப்புக்குக் கணவரும் உடன் செல்வது முறை. அம்மம்மாவையும் அப்பம்மாவையும் அழைத்துச் செல்வது அதனினும் நன்று. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பலகாலும் அவர்கள் சொல்லே நிலைபெறும். குழந்தையைத் தூக்கி வளர்த்த அவர்களின் பழக்கமும், மருத்துவமாது உரைக்கும் அறிவும் ஒரே வீட்டில் இணங்கியிருக்குமாயின், வாய்பேசாத சிசுவின் துன்பத்தை உணரப் பல கண்கள் விழித்திருக்கும்.